துளசியை பாட்டிலில் அடைக்கும்போது ஒரு ஹைக்ரோமீட்டர்

நிழலில் காயவைத்த துளசி, புதினா, முருங்கை இலையைக் கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவு போட்டு மூடும்போது, காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒன்றையும் உள்ளே வைத்துவிடுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இலை இன்னும் காயவில்லை. வெளியே பரப்பி, மறுபடி ஒரு நாள் உலர்த்த வேண்டும்.

கையில் நொறுங்குவதை மட்டும் நம்பி மூடிவிடாதீர்கள். இலை சீக்கிரம் காய்ந்துவிடும். காம்பும் நடுநரம்பும் கடைசியில்தான் காயும். அவற்றில் தங்கிய ஈரம் மூடிய பாட்டிலுக்குள் மெல்ல இலைக்கும் காற்றுக்கும் பரவுவதால், மறுநாள் மீட்டர் காட்டுவதுதான் உண்மையான நிலை. 70ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். அப்புறம் மொத்தத்தையும் கொட்ட வேண்டியதுதான், பாவம்.

விலை குறைந்த மீட்டர்கள் சில புள்ளிகள் தவறாகக் காட்டும். ஒரு மூடியில் உப்பைப் போட்டு, கரையாத அளவுக்குச் சில சொட்டு நீர் விட்டு, மீட்டரோடு ஜிப் கவரில் ஓர் இரவு அடைத்து வையுங்கள். 75 காட்ட வேண்டும். 79 காட்டினால் இனி எப்போதும் 4ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இது உதவாது. வீட்டுக் காற்றிலேயே ஈரப்பதம் 80க்கு மேல் நிற்கும்போது, ஃபேனுக்கு அடியில் எத்தனை நாள் பரப்பினாலும் 60க்கு இறங்காது. கற்பூரவல்லி போன்ற சதைப்பற்றான இலைக்கும் வேண்டாம்; அது நிழலில் காய்வதற்குள் கறுத்துவிடும்.