ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸை ஸ்கேனரில் கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலைக்கு மேல் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் தடதடவென்று போகிறது. கையில் புது ஸ்கேனர், அதாவது பல அலைவரிசைகளில் மாறி மாறித் தேடி வானொலிப் பேச்சைக் கேட்க வைக்கும் கருவி. அதில் இணையத்தில் தேடி எடுத்துப் போட்ட அலைவரிசை. ஆனால் ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை. அமெரிக்காவில் இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்களில் பாதிப் பேராவது முதல் வாரத்தில் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். நானும் நின்றேன்.

குறை பெரும்பாலும் கருவியில் இருக்காது. 'ஹெலிகாப்டருக்கு என்று ஒரு அலைவரிசை இருக்கும், அதைப் பிடித்தால் போதும்' என்ற நினைப்பில்தான் இருக்கும். ஒரே பயணத்தில் அந்த ஹெலிகாப்டர் ஐந்து இடத்தோடு பேசுகிறது. விமானி விமானக் கட்டுப்பாட்டு நிலையத்தோடு பேசுவது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான விமானப் பட்டையில். பக்கத்தில் பறக்கும் இன்னொரு ஹெலிகாப்டரிடம் பேச 123.025. விபத்து நடந்த இடத்தில் இறங்கும்போது தரையில் நிற்கும் தீயணைப்பு வீரர்களோடு பேச்சு, அது அந்தக் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) சேனலில். நோயாளியின் நிலையை மருத்துவமனைக்குச் சொல்வது பல மாநிலங்களில் 155.340இல், அல்லது 463 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய, மருத்துவப் பேச்சுக்கான மெட் சேனல்களில். ஹெலிகாப்டரை அனுப்பிவைக்கும் சொந்த நிறுவனத்தின் டிஸ்பேட்ச் மையத்தோடு பேசுவது தனி. அதில் ஒரு பகுதி செயற்கைக்கோள் வழியாகவே போய்விடும், நம் ஸ்கேனரில் வராது. ஆக, ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு உட்காராமல், பயணத்தின் எந்தக் கட்டத்தில் யாரோடு பேசுவார்கள் என்று பார்த்து அந்த வரிசையில் சேனல்களை அடுக்க வேண்டும்.

அடுத்த தவறு ஏஎம், எஃப்எம் குழப்பம். குரலை வானொலி அலையில் ஏற்றும் இரண்டு முறைகள் இவை. விமானப் பட்டை முழுக்க ஏஎம். மற்றவை எஃப்எம் அல்லது டிஜிட்டல். இந்தக் காலத்திலும் விமானத்துக்கு ஏன் ஏஎம் என்றால், அதற்குக் காரணம் இருக்கிறது. எஃப்எம்மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பலமான சிக்னல் மற்றதை அமுக்கிவிடும். இன்னொருவர் பேசியதே தெரியாது. ஏஎம்மில் இரண்டும் மோதிக் கீச்சென்று விசிலடிக்கும், கேட்பவர் உஷாராகிவிடுவார். நல்ல ஸ்கேனர்கள் பட்டையைப் பார்த்துத் தானாகவே மாறிக்கொள்ளும். கணினியில் யுஎஸ்பி ரிசீவர் செருகிக் கேட்பவர்கள்தான் இதை மறந்துவிட்டு, 'ஏதோ கரகரக்கிறது, பேச்சு புரியவில்லை' என்று புலம்புவார்கள்.

இதே காரணத்தால், விலை மலிவு என்று பாவ்ஃபெங் யுவி-5ஆர் வாக்கிடாக்கியை ஸ்கேனராக வாங்குவதும் வீண். அதில் விமானப் பட்டை ஏஎம் வராது. 155.340 கேட்கும், உண்மைதான். ஆனால் பக்கவாட்டில் ஒரு பட்டன் இருக்கிறதே, அதில் தவறி விரல் பட்டால் மருத்துவமனைச் சேனலில் நீங்களே ஒலிபரப்ப ஆரம்பித்துவிடுவீர்கள். கேட்க மட்டும் என்றால் கேட்க மட்டுமே தெரிந்த கருவி போதும்.

பழைய அனலாக் ஸ்கேனரை மலிவு விலைக்கு வாங்குமுன் உங்கள் கவுண்டி எதில் பேசுகிறது என்று பாருங்கள். பி25 டிஜிட்டல் டிரங்கிங் (குரலை டிஜிட்டலாக மாற்றி, பல குழுக்கள் சில அலைவரிசைகளைப் பகிர்ந்துகொள்ளும் முறை) என்றால் அனலாகில் இரைச்சல்தான். பேச்சை ரகசியக் குறியீடாக மாற்றி என்கிரிப்ட் செய்திருந்தால் எந்த ஸ்கேனரும் உதவாது, அதை உடைக்க முயல்வது குற்றமும்கூட. இன்னொன்று சைமல்காஸ்ட். பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் ஒரே பேச்சை ஒரே நேரத்தில் அனுப்பும். அவை நம்மிடம் மயிரிழை முன்பின்னாக வந்து சேர்வதால் குரல் துண்டு துண்டாக உடையும். சிக்னல் கோடுகள் முழுசாக இருக்கும், பேச்சு மட்டும் வராது. உடனே பெரிய ஆன்டெனா வாங்க ஓடாதீர்கள், நிலைமை மோசமாகலாம். ஒரு கோபுரத்தை மட்டும் பார்க்கும்படி ஆன்டெனாவைத் திருப்பினாலோ, சின்னதாக மாற்றினாலோ சரியாவதுண்டு. யூனிடன் எஸ்டிஎஸ்100 போன்ற ஸ்கேனர்கள் இந்தத் தொல்லையைச் சமாளிக்கவென்றே வந்தவை. விலைதான் கையைக் கடிக்கும்.

விமானியின் குரல் கேட்கிறது, பதில் கேட்கவில்லை என்றால் ஸ்கேனரைக் குறை சொல்ல வேண்டாம். 300 மீட்டர் உயரத்தில் பறக்கும் ஹெலிகாப்டரின் அலை சுமார் 70 கிலோமீட்டர் வரை எட்டும். தரையில் இருக்கும் மருத்துவமனை ஆன்டெனா கட்டடங்களைத் தாண்டி உங்கள் ஜன்னலுக்கு வருவது கடினம். ஆன்டெனாவை உயரத்தில், செங்குத்தாக வையுங்கள். விமானப் பட்டைக்குக் கால் அலைநீளம் சுமார் 60 சென்டிமீட்டர்.

இருநூறு சேனலை ஒரே வரிசையில் ஓட விடுவதும் வேண்டாம். விமானியின் பேச்சு மூன்று நாலு விநாடிதான். ஸ்கேனர் சுற்றி வருவதற்குள் முடிந்துவிடும்.

அப்புறம், கேட்டதைத் தப்பாகப் புரிந்துகொள்வது. ஒருநாள் இரவு, பறக்கும் விமானங்களைப் புள்ளியாகக் காட்டும் இணைய வரைபடத்தில் ஒரு ஹெலிகாப்டரைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தேன். 400 அடி உயரத்தில் புள்ளி நின்றது, பிறகு காணாமல் போனது. விழுந்துவிட்டதோ என்று பதறி நண்பரைக்கூட எழுப்பிவிட்டேன். தீயணைப்புச் சேனலுக்கு மாறினால், 'தெற்கே மின்கம்பி, காற்று மேற்கிலிருந்து' என்று நிதானமாக இறங்குமிடத்தை விவரித்துக்கொண்டிருந்தார்கள். தாழ இறங்கியதும் மரங்களும் மேடுகளும் மறைத்து, வரைபடத்துக்கு அனுப்பும் தரை ரிசீவர்களுக்கு சிக்னல் எட்டவில்லை. அவ்வளவுதான்.

'சோல்ஸ் ஆன் போர்டு' என்று கேட்டு யாரோ இறந்துவிட்டார் என்று நினைப்பவர்களும் உண்டு. உள்ளே இருக்கும் உயிர்களின் எண்ணிக்கை அது. விமானி, செவிலியர், பாராமெடிக் என்று போகும்போது மூன்று, திரும்பும்போது நாலு என்றால் நோயாளி ஏறிவிட்டார். அழைப்பை ரத்து செய்தார்கள் என்றாலும் இறப்பு என்று பொருளில்லை, சாலை வழியாகவே கொண்டுபோயிருக்கலாம்.

கேட்டதை ஃபேஸ்புக்கில் போடுவதுதான் எனக்குக் கோபம் வரவைக்கும் தவறு. பெயர் சொல்லாவிட்டாலும், எந்தச் சாலை, எத்தனை வயது, என்ன காயம் என்று எழுதினால் ஊரில் யார் என்று தெரிந்துவிடும். வீட்டாருக்குச் சேதி அப்படியா போய்ச் சேர வேண்டும்? 1934ஆம் ஆண்டுத் தகவல் தொடர்புச் சட்டத்தின் 705ஆம் பிரிவும், இப்படிக் கேட்டதை வெளியிடுவதற்கும் அதை வைத்து ஆதாயம் தேடுவதற்கும் தடை போடுகிறது. நியூயார்க், புளோரிடா போன்ற மாநிலங்களில் காரில் ஸ்கேனர் வைத்திருக்கவே கட்டுப்பாடு உண்டு. பிரிட்டனில் நமக்கு அனுப்பாத செய்தியைக் கேட்பதே குற்றம். இந்தியாவிலும் சட்டம் வேறு, ஆகவே ஊருக்குப் போகும்போது ஸ்கேனரைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள். இறங்குமிடத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வேடிக்கை பார்க்கக் காரை எடுப்பதும் கூடாது. இறக்கைக் காற்றில் கல்லும் மண்ணும் பறக்கும், வழியும் அடைபடும்.

கடைசியாக ஒன்று. 'மெடிவாக்' என்ற சொல்லை மட்டும் எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். அவசரப் பயணத்தில் முன்னுரிமை கேட்க விமானி சொல்லும் அடைமொழி அது. நோயாளியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அதே குரல், அதே ஹெலிகாப்டர், சாதாரணப் பதிவு எண்ணோடு மட்டும் பேசும்.