'எலீட்' என்று எழுதும் முன்: சீன மாணவர்களின் ஆங்கிலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்திருக்கும் சீனாக்காரர்களுக்கு மாலை வகுப்பில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். போன ஆண்டு சிவப்பு மையால் அடித்ததையே இந்த ஆண்டுத் தாள்களிலும் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஒருமை பன்மை, இறந்தகாலம் எல்லாவற்றையும் இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றைக் கணினியே திருத்திவிடும். இலக்கணம் சுத்தமாக இருந்தும் எழுதியவரின் மானத்தை வாங்கும் சொற்கள் சில உண்டு. மேட்டுக்குடி, சலுகை, வர்க்கம் என்று பேச்சு வந்துவிட்டால் அவை வரிசையாக வந்து நிற்கும். சீன மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும் தமிழ் ஆசிரியர்களுக்காக அவற்றை எழுதுகிறேன்.

'எலீட்'டும் 'பிரிவிலெஜ்'ஜும்

மாண்டரின் சீனத்தில் 'ஜிங்யிங்' என்றால் திறமையால் மேலே வந்த தலைசிறந்தவர்கள். அப்படிச் சொல்லிக்கொள்வது பெருமை. டியூஷன் மையத்தின் பெயர்ப்பலகையிலும் ஆள்சேர்ப்பு விளம்பரத்திலும் அது தாராளமாக இருக்கும். தேர்வெழுதி மேலே வருவது அங்கே பழைய பாதை. அரசுப் பதவிக்கான பேரரசுத் தேர்வு 1905 வரை நடந்தது. பண்பாட்டுப் புரட்சியில் நின்றுபோன கல்லூரி நுழைவுத்தேர்வு 1977இல் மீண்டும் தொடங்கியது. அதனால் அந்தச் சொல்லில் உழைத்துச் சம்பாதித்த வாசனை இருக்கிறது. அகராதி அதற்கு நேராக 'எலீட்' என்று போட்டுவிடுகிறது.

ஆங்கிலத்தில் அது விளையாட்டு வீரருக்கோ படைப்பிரிவுக்கோ அடைமொழியாக வந்தால் பாராட்டு. பெயர்ச்சொல்லாக அரசியல் பேச்சில் வந்தால் பெரும்பாலும் வசவு. 2016இல் பிரெக்சிட் வாக்கெடுப்பிலும் டிரம்ப்பின் பிரசாரத்திலும் 'எலீட்ஸ்' எப்படி அடிபட்டார்கள் என்று கேட்டவர்களுக்குத் தெரியும்.

'பிரிவிலெஜ்' கதை இதற்கு நேர்மாறு. அகராதி அதற்குத் தரும் 'தெச்சுவென்' என்ற சீனச் சொல்லைக் கேட்டதும் மாணவர் மனத்தில் வருவது, அதிகாரியின் மகனுக்காகச் சட்டம் வளைவதுதான். ஆனால் ஆங்கிலத்தில் கூட்டத்துக்கு வந்தவர் 'இங்கே நிற்பது என் பிரிவிலெஜ்' என்பது வெறும் மரியாதை. இன்றைய கல்லூரி வளாகங்களில் அதே சொல், பிறப்பால் கேட்காமலே கிடைத்த அனுகூலம் என்ற பொருளிலும் நடமாடுகிறது. அது தனக்கு உண்டு என்று ஒப்புக்கொள்வது அங்கே நாகரிகம்.

செங்டுவைச் சேர்ந்த ஒரு பொறியாளர், எம்.பி.ஏ. விண்ணப்பக் கட்டுரையில் இப்படி எழுதியிருந்தார்: 'நான் சமூகத்தின் ஓர் எலீட். எனக்கு எந்தப் பிரிவிலெஜும் இருந்ததில்லை.' அப்பா விவசாயி. கிராமத்துப் பள்ளியில் படித்து, யார் சிபாரிசும் இல்லாமல் தேர்வில் தேறி வந்தவர். இரண்டு வாக்கியமும் அவரளவில் சத்தியம். ஆங்கிலம் பழகிய காதுக்கோ, தன்னை உயர்ந்தவன் என்று பீற்றிக்கொண்டு, வாழ்க்கை தனக்குக் கொடுத்ததை மறுக்கும் ஆளாகத் தெரிகிறார். நேர்காணலில் இந்த வரிகளைப் பிடித்துக்கொண்டுதான் குடைந்தார்கள். இடம் கிடைக்கவில்லை. இந்த வரிகளால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

எனக்கு இன்னும் ஆறாதது வேறு. அந்தக் கட்டுரையைக் காசு வாங்கிக்கொண்டு திருத்திக் கொடுத்த நிறுவனம் காற்புள்ளிகளையெல்லாம் சரிசெய்திருந்தது. 'ஆன் எலீட்' என்று ஒருவரைச் சொல்வது வழக்கில்லை என்று கண்டுபிடித்து, 'எ மெம்பர் ஆஃப் தி எலீட்' என்றும் மாற்றியிருந்தது! தடுமாறிய ஆங்கிலமாக இருந்தவரை படிப்பவர் பொறுத்துப் போயிருப்பார். திருத்திய பிறகு குற்றமற்ற ஆங்கிலத்தில் குறையில்லாத திமிர். புதிதாக வகுப்புக்கு வரும் ஆசிரியர்களும் இதையேதான் செய்கிறார்கள்.

இங்கே மாற்றுச் சொல் தேடாதீர்கள். நடந்ததை எழுதச் சொல்லுங்கள். 'எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்' என்ற வரியில் அவர் சொல்ல வந்த இரண்டும் இருக்கின்றன. அடுத்த விண்ணப்பத்தில் அதைத்தான் எழுதினார்.

'லோ குவாலிட்டி' மனிதர்கள்

ரயிலில் கைப்பேசியைச் சத்தமாக வைத்துப் பாட்டுக் கேட்பவரை மாணவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். 'சூஜி' என்ற சீனச் சொல்லில் படிப்பு, வளர்ப்பு, நடத்தை எல்லாம் ஒன்றாக அடங்கும். அது 'தாழ்ந்தது' என்பது அங்கே அன்றாடப் பேச்சு. ஆங்கிலத்தில் சரக்குக்குத்தான் தரம் பிரிப்பார்கள், ஆளுக்கு அல்ல. 'ரூட்', அதாவது மரியாதை தெரியாதவர் என்று சொன்னால் போதும்.

சீனாவிலும் இந்தத் தராசு எல்லாருக்கும் உவப்பானது அன்று. 2017 நவம்பரில் பெய்ஜிங்கின் டாஷிங் பகுதியில் தீப்பிடித்து 19 பேர் இறந்தார்கள். அதைக் காட்டி, வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களைக் குளிரில் கூட்டம்கூட்டமாக வெளியேற்றினார்கள். அவர்களைக் குறிக்க அடிபட்ட 'கீழ்நிலை மக்கள்தொகை' என்ற தொடர் அந்நாட்டு இணையவாசிகளையே கொதிக்க வைத்தது.

'நோபிள் ஸ்கூல்'

வேண்டாம். மாணவர்கள் சொல்ல வருவது கட்டணம் அதிகமான தனியார் பள்ளி, அவ்வளவுதான்.

'பப்ளிக் ஸ்கூல்'

அமெரிக்காவில் அரசுப் பள்ளி. இங்கிலாந்தில் ஈட்டன் மாதிரி இடம். 1440இல் ஆறாம் ஹென்றி அதை 70 ஏழை மாணவர்களுக்காகத்தான் தொடங்கினார். இன்று அது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் முகவரி. சாதாரணப் பள்ளியில் படித்தேன் என்று சொல்ல நினைத்து, லண்டன் முதலாளி ஒருவருக்கு 'பப்ளிக் ஸ்கூல்' என்று எழுதினால் என்ன ஆகும்? கடிதம் எந்த நாட்டுக்குப் போகிறது என்று கேட்ட பிறகு திருத்துங்கள். லண்டனுக்கு என்றால் 'ஸ்டேட் ஸ்கூல்'.

'ரிச் செகண்ட் ஜெனரேஷன்'

பணக்காரரின் பிள்ளையைக் குறிக்கும் சீனத் தொடரை அப்படியே மொழிபெயர்த்தது இது. ஆங்கிலத்தில் 'செகண்ட் ஜெனரேஷன்' என்றால் குடியேறியவரின் பிள்ளை என்று புரிந்துகொள்வார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளை என்றே எழுதட்டும்.

'மெரிட்டோகிரசி'

பிறப்பைப் பார்க்காமல் தகுதியைப் பார்த்து மேலே ஏற்றும் முறை. சிங்கப்பூரில் இது அரசின் பெருமிதச் சொல், சீன மாணவர்களுக்கும் தேன். பிரிட்டனின் சமூகவியலாளர் மைக்கேல் யங் 1958இல் இதைப் பரப்பியதோ கிண்டலுக்காக. தகுதியைப் பரம்பரைச் சொத்துப் போல ஆக்கிக்கொள்ளும் ஒரு கூட்டத்தைப் பற்றிய எச்சரிக்கை அது. அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர் அதைப் புகழ்ச்சியாக எடுத்தாண்டபோது, 2001இல் நாளிதழில் எழுதியே கண்டித்தார் யங். சிங்கப்பூர்த் தாளில் தயங்காமல் எழுதலாம். பிரிட்டனுக்குப் போகும் தாளில் எந்தப் பொருளில் சொல்கிறேன் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன்.