இரண்டு நகர்த்தலில் மேட்: கறுப்பு பக்கம் உட்கார்ந்து பாருங்கள்

"வெள்ளை ஆடி, இரண்டு நகர்த்தலில் மேட்" என்று ஒரு சதுரங்கப் புதிரைப் பார்த்ததும் கை தானாகச் செக் கொடுக்கப் பரபரக்கும். அதாவது வெள்ளை முதலில் ஆட வேண்டும்; கறுப்பு என்ன பதில் ஆடினாலும், வெள்ளையின் இரண்டாவது நகர்த்தலில் கறுப்பு ராஜா தப்ப முடியாத செக்கில், அதாவது மேட்டில், விழ வேண்டும். முதலில் அந்தக் கையை அடக்குங்கள். நிஜ ஆட்டத்தின் நடுவிலிருந்து எடுத்த நிலை என்றால், செக் செக்காகத் துரத்தியே பல நேரம் விடையைப் பிடித்துவிடலாம். ஒருவர் உட்கார்ந்து இயற்றிய புதிர் அப்படி மசியாது. அதன் முதல் நகர்த்தல், அதாவது கீ, பெரும்பாலும் செக்காகவும் இருக்காது, வெட்டாகவும் இருக்காது. செக்கில் ஆரம்பிக்கும் கீயை இயற்றுபவர்களே குறையாகத்தான் பார்ப்பார்கள்.

காய்களை அடுக்கியதும் நான் கறுப்பு பக்கத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன். கறுப்புக்கு என்னென்ன நகர்த்தல் இருக்கிறது? ஒவ்வொன்றுக்கும் வெள்ளையிடம் இப்போதே மேட் தயாராக இருக்கிறதா? எதற்குப் பதில் இல்லை? கடைசிக் கேள்விதான் முக்கியம்.

அமெரிக்கச் சதுரங்க வீரர் பால் மார்பியின் பெயரில் 1856இல் வெளிவந்த ஒரு குட்டிப் புதிர் இருக்கிறது. அடுக்கிக்கொள்ளுங்கள் (எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை). வெள்ளை: ராஜா சி8, யானை ஏ1, சிப்பாய் பி6. கறுப்பு: ராஜா ஏ8, மந்திரி (பிஷப்) பி8, சிப்பாய்கள் ஏ7, பி7. மொத்தம் ஏழே காய்கள்.

கறுப்பு ராஜாவுக்கு அசைய இடமில்லை. மந்திரி எங்கே போனாலும், யானை ஏ7இல் வெட்டினால் மேட்: யானைக்கு பி6 சிப்பாயின் காவல் இருக்கிறது, பி8ஐ வெள்ளை ராஜா பார்த்துக்கொள்கிறார். பி7 சிப்பாய் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஏ7 சிப்பாய் பி6ஐ வெட்டலாமே என்றால் முடியாது. அது விலகினால் ராஜா நேராக யானையின் வழியில் மாட்டுவார். மிச்சம் ஒன்றுதான். அதே ஏ7 சிப்பாய் நேராக ஏ6க்கோ ஏ5க்கோ போவது. அதற்கு வெள்ளையிடம் பதில் இல்லை.

சரி, இப்போது தேட வேண்டியது சுருங்கிவிட்டது. மந்திரிக்கு வைத்திருக்கும் மேட்டைக் கெடுக்காமல் அந்தச் சிப்பாயை நிறுத்த வேண்டும். யானை ஏ6! வலியப் போய் வெட்டுக்கு நிற்கிறது. பி7 சிப்பாய் அதை வெட்டினால், பி6 சிப்பாய் ஒரு கட்டம் ஏறி பி7இல் மேட். மந்திரி நகர்ந்தால் பழைய மேட்தான். வேடிக்கை என்னவென்றால், வெள்ளை எந்த மிரட்டலும் விடவில்லை. கறுப்பு சும்மா இருக்க முடிந்தால் பிழைத்திருக்கும். நகர்த்தியே ஆக வேண்டும் என்பதுதான் கொல்கிறது. இதை ஸுக்ஸ்வாங் என்பார்கள்.

காய்கள் நிறைந்த புதிரில் கறுப்பின் நகர்த்தல் இருபது, முப்பது இருக்கும். எல்லாவற்றையும் எழுதி மாளாது. கறுப்பு ராஜா தப்பிக்கும் கட்டங்களையும், கறுப்பால் வெள்ளைக்குக் கொடுக்க முடிகிற செக்குகளையும் மட்டும் முதலில் பாருங்கள். அவற்றில் பதில் இல்லாத ஒன்று கிடைத்தால், கீ அதைக் கவனித்தே தீர வேண்டும். சாதாரண நகர்த்தல்கள் பலவற்றுக்குப் பதில் இல்லையென்றால் கீ ஒரு மிரட்டலோடு வரும் என்று ஊகிக்கலாம். எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருந்தால், எதையும் கலைக்காத காத்திருப்பு நகர்த்தலைத் தேடுங்கள். ஆனால் சில புதிர்களில் அப்படி ஒன்று இருக்கவே இருக்காது. கீ பழைய மேட்டுகளில் சிலவற்றைக் கலைத்துவிட்டுப் புதியது தரும். எனக்குப் பிடித்த வகை அதுதான்.

இன்னொரு துப்பு, சும்மா நிற்கும் காய். இயற்றுபவர் எதையும் வீணாக வைப்பதில்லை. தூரத்து மூலையில் வேலையில்லாமல் ஒரு வெள்ளை மந்திரி நின்றால் அதன் மேல் சந்தேகப்படுங்கள். ஓரத்தில் ஒரு கறுப்புச் சிப்பாய் நின்றால், இரண்டாவது விடை வராமல் வழியை அடைக்கவே வைத்திருப்பார்கள். புதிருக்குக் கீ ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் புதிரே செல்லாது.

கீ கிடைத்துவிட்டது என்று தோன்றும் நேரம்தான் ஆபத்தானது. ஒரே ஒரு தற்காப்பில் மட்டும் உடையும் போலி விடைகளை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். அதனால் மறுபடி கறுப்பு பக்கம் போய், உங்கள் கீயை உடைக்கவே ஆடுங்கள். காஸ்லிங்கையும் (ராஜாவும் யானையும் ஒரே நகர்த்தலில் சேர்ந்து இடம் மாறுவது) மறக்காதீர்கள்: ராஜாவும் யானையும் ஆரம்பக் கட்டங்களில் நின்றால், முன்பே நகர்ந்தவை என்று நிரூபிக்க முடியாதவரை காஸ்லிங் உண்டு. ஆன்பஸான், அதாவது இரண்டு கட்டம் தாண்டி வந்த சிப்பாயைப் பக்கத்துச் சிப்பாய் ஒரு கட்டம்தான் வந்தது போல வெட்டுவது, நேர்மாறு: முந்தைய நகர்த்தல் அந்த இரண்டு கட்டத் தாண்டல்தான் என்று நிரூபித்தால்தான் செல்லும்.

கம்ப்யூட்டரிடம் கேட்டால் நொடியில் சொல்லிவிடும், அதில் என்ன இருக்கிறது? நிஜ போர்டில் அடுக்குங்கள். 1977 முதல் நடக்கும் உலகப் புதிர் தீர்க்கும் போட்டியிலும் போர்டில் அடுக்கித்தான் தீர்க்கிறார்கள். அங்கே முதல் சுற்றில் இந்த வகைப் புதிர் மூன்று, நேரம் 20 நிமிடம். புதிதாக ஆரம்பிப்பவர் ஒரு புதிருக்கே அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம்.