"மேலுக்கு முடியல" என்பவரிடம் மனசைப் பற்றிக் கேட்பது எப்படி?

சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையோ ஏற்காடு காப்பித் தோட்டமோ, "மேலுக்கு முடியல, தலை கிறுகிறுங்குது, தூக்கம் புடிக்கல" என்றுதான் பேச்சு தொடங்கும். மனச்சோர்வு உடம்பிலும் வலிக்கும். அதோடு, உடம்பு வலியைச் சொன்னால் குடும்ப மானம் போகாது.

1980இல் சீனாவின் ஹுனானில் 'நரம்புத் தளர்ச்சி' என்று முடிவு கட்டப்பட்ட 100 பேரை அமெரிக்க மனநல மருத்துவர் ஆர்தர் க்ளைன்மன் ஆராய்ந்தார். 87 பேருக்குக் கடும் மனச்சோர்வு இருந்தது. பின்னர் ஹாங்காங்கில் உளவியலாளர் ஃபேனி சியுங் குழுவினர் சீனர்களுக்கென ஆளுமைக் கேள்விப்பட்டியல் தயாரித்தபோது நாலு பேர் முன் மானம் காப்பதும், இணங்கிப் போவதும், நம் மொய் நோட்டுக் கணக்குபோல் செய்ததைத் திருப்பிச் செய்வதும் தனிக் கூறாகவே தெரிந்தன. இந்தக் குணங்கள் நோயல்ல. சாய்ந்தால் தாங்குவதும் அதே உறவுகள்தான். ஆனால் மானத்துக்கு அஞ்சுகிறவர் கடைசியாகத்தான் வாய் திறப்பார்.

எனவே மாமியார் எதிரே கேட்காதீர்கள். தனியே அழைத்து உடம்பிலிருந்து தொடங்குங்கள்: "அக்கா, ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது? அப்புறம் தூக்கம் வருதா?" பிறகு சாப்பாட்டு ருசி, அதன்பின் மனசு.

மனச்சோர்வைக் கண்டறிய உதவும் பிஹெச்க்யூ-9 என்ற கேள்விப்பட்டியலில் 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். பெரும்பாலும் தவறு நடப்பது கேட்கும் விதத்தில். "கவலை இருக்கா?" என்றால் "அதெல்லாம் இல்ல" என்பார்கள். "இந்த 14 நாளில் எத்தனை நாள் அப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் விரல்விட்டு எண்ணுவார்கள். தூக்கம், அசதி, பசி மட்டும் மதிப்பெண்ணைக் கூட்டினால் ரத்தசோகை, தைராய்டு பரிசோதனையும் அவசியம்.

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. தயங்காமல் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. அதற்கு 0 தவிர எது வந்தாலும், மொத்தம் குறைவாக இருந்தாலும், தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தை வீட்டைவிட்டு அகற்றுங்கள். மலையிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கும் முன்பே அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416க்கு அழைக்கலாம். இலவசம், 24 மணி நேரமும் உண்டு.

மருத்துவர் மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினால் முதல் வாரம் குமட்டலாம், பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஐந்தாம் நாளே நிறுத்திவிடுவார்கள். குணம் தெரிந்த பிறகும் மருத்துவர் சொல்லும்வரை, வழக்கமாக 6 மாதமாவது, தொடர வேண்டும்.