ஆடிப் பயணமும் உறைந்த ஹேண்ட்பிரேக்கும்

தமிழ்நாட்டில் ஆடி என்றால் காற்று. இங்கே தென்னாப்பிரிக்காவில் ஆடி நடுக் குளிர்காலத்தில் வருகிறது. டர்பன்காரர்களான நமக்கு உறைபனி பழக்கமில்லை. அதனால்தான் கூழ் பூஜைக்கு ஜோகன்னஸ்பர்க் பக்கம் கிளம்பும் சொந்தக்காரர்களிடம், உறைபனியில் ஹேண்ட்பிரேக் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகும் வழியில், ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்து ஹாரிஸ்மித்தில் இரவு தங்கினோம். (அப்பா அங்கே தங்காமல் ஒரே ஓட்டமாக ஓட்டுவார். 1891-இல் வந்த சட்டப்படி இந்தியர்கள் ஃப்ரீ ஸ்டேட்டில் குடியிருக்க முடியாது. 1980-களின் நடுவில்தான் அந்தத் தடை நீங்கியது.) வான் ரீனன் கணவாய் ஏறும்போதே தூறல். ஈரச் சக்கரத்தோடு காரை நிறுத்தி, பழக்கத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் புல்லெல்லாம் வெள்ளை. ஹேண்ட்பிரேக்கை இறக்கினேன், விளக்கும் அணைந்தது. ஆனால் காரை நகர்த்தினால் பின்பக்கம் அமுங்கியது, என்ஜின் முனகியது. இறங்கிப் பார்த்தேன். இடது பின்சக்கரம் சுழலவே இல்லை. உறைபனியின் மேல் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்புக் கோடு இழுத்திருந்தது.

இந்த நிலையில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து இழுக்காதீர்கள். சக்கரத்தோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூவின் ஒட்டுப்பட்டை பிய்ந்துபோகலாம். என்ஜினைப் போட்டு, முதல் கியரில் அரை அடி, ரிவர்ஸில் அரை அடி என்று மெதுவாக ஆட்டுங்கள். டிரம்முக்கும் ஷூவுக்கும் நடுவே இருக்கும் பனி மெல்லியதுதான். பல நேரம் 'டக்' என்று விட்டுவிடும். விடவில்லையா? கியரில் போட்டு, என்ஜினை அணைத்து, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, டிரம்மை ரப்பர் சுத்தியலாலோ கட்டையாலோ இலேசாகத் தட்டுங்கள். தங்கியிருந்த வீட்டம்மா அன்போடு கொதிக்கும் கெட்டிலைக் கொண்டுவந்தார். வேண்டாம் என்றேன். திடீர்ச் சூட்டில் டிரம் விரிசல் விடலாம், ஊற்றிய தண்ணீரே மறுபடி உறையும். ஹேர்டிரையர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் வெயிலுக்குக் காத்திருங்கள். நெருப்புக் காட்டவே கூடாது.

விட்டதும் மெதுவாக ஓட்டி, நாலைந்து முறை பிரேக்கை இலேசாக அழுத்துங்கள், ஈரம் காயும். சிறிது தூரம் போய் நிறுத்தி, சக்கரத்தைத் தொடாமல் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் பிரேக் இன்னும் பிடித்திருக்கிறது என்று பொருள். அப்புறம் ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அடிக்கடி இப்படி ஆனால் ஹேண்ட்பிரேக் கேபிளைச் சந்தேகப்படுங்கள். என் காரில் அதன் ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் உள்ளே போய்த் துருவேறியிருந்தது. எண்ணெய் விட்டு ஒப்பேற்றாமல் கேபிளையே மாற்றினேன்.

உறைபனி ஊரில் இரவு நிறுத்தும்போது சமதரையாகப் பாருங்கள். ஹேண்ட்பிரேக் வேண்டாம். மேட்டைப் பார்த்து நின்றால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ், ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'. சக்கரத்துக்குக் கல் கட்டாயம். பட்டன் ஹேண்ட்பிரேக் சில கார்களில் என்ஜினை அணைத்ததும் தானாகப் பிடிக்கும். அதை நிறுத்தும் முறையைக் கையேட்டில் முன்பே பார்த்துவைக்க வேண்டும்.

நான் டிக்கியில் 2 செங்கல் வைத்திருக்கிறேன். சக்கரத்தடியில் வைத்ததும் ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவேன், காலையில் எடுக்க மறக்காமல் இருக்க.