இன்டீரியர் வேலைக்கு முன்: அளவெடுப்பது முதல் கொட்டேஷனில் கையெழுத்திடுவது வரை

சென்னையில் எங்கள் இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீட்டின் இன்டீரியர் வேலை அண்மையில் முடிந்தது. வடிவமைப்பாளரைப் பார்ப்பதற்கு முன் நாமே செய்ய வேண்டியவற்றையும், அவர் தரும் கொட்டேஷனைப் படிக்கும் முறையையும் வரிசையாக எழுதுகிறேன். நிறத்தையும் திரைச்சீலையையும் இங்கே தொடவில்லை. அவற்றைப் பிறகும் மாற்றிக்கொள்ளலாம். மரவேலையையும் மின்புள்ளிகளையும் அப்படி மாற்ற முடியாது.

முதல் வேலை, வீட்டிலுள்ள பொருள்களைப் பட்டியலிடுவது. எவர்சில்வர் அண்டா, கொலுப் படிகள், பொம்மைப் பெட்டிகள், விருந்தினருக்கான பாய் தலையணைகள், ஊரிலிருந்து வரும் அரிசி மூட்டை ஆகியவை எந்த வடிவமைப்பாளரின் படத்திலும் தாமாக இடம்பெறுவதில்லை. பெரிய பொருள்களின் நீள அகல உயரத்தையும் குறித்துக்கொண்டால், பரணை எவ்வளவு ஆழமாக அமைப்பது என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலே விடை சொல்லிவிடும்.

அடுத்தது அளவெடுப்பது. கைப்பேசிச் செயலிகளை நான் நம்புவதில்லை. 5 மீட்டர் இரும்பு டேப்பும் ஒரு கிராஃப் தாளும் போதும். ஓர் அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வரைந்து, பீம், தூண், ஜன்னலின் அடிமட்டம், கதவு திறக்கும் பக்கம் ஆகிய அனைத்தையும் குறியுங்கள். மின்விசிறியின் கொக்கி இருக்கும் இடத்தையும் விட்டுவிடக் கூடாது. 1200 மி.மீ. விசிறியின் இறக்கை, நடுவிலிருந்து சுமார் இரண்டு அடி தூரம் சுழலும். பரண் கதவைத் திறக்கும்போது அதில் இடிக்குமா என்பது இந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

இனி கொட்டேஷன். பெரும்பாலானோர் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். சதுர அடி விலையை மட்டும் வைத்து இரண்டு கொட்டேஷன்களை ஒப்பிடவே கூடாது, ஏனெனில் சிலர் அலமாரியின் முகப்பை மட்டும் அளக்கிறார்கள், வேறு சிலர் உள்ளே செல்லும் ஒவ்வொரு பலகையையும் தனித்தனியாக அளந்து கூட்டுகிறார்கள். 7 அடி உயரம், 6 அடி அகலம், 2 அடி ஆழம் கொண்ட ஓர் அலமாரியை எடுத்துக்கொள்வோம். முகப்பு 42 சதுர அடி. பலகைக் கணக்கிலோ பக்கங்களும் நடுத்தடுப்பும் 42, மேல்பலகையும் கீழ்ப்பலகையும் 24, நடுத்தடுப்பின் இருபுறமும் மும்மூன்றாக ஆறு தட்டுகள் 36, பின்பலகை 42, கதவுகள் 42 என மொத்தம் 186 சதுர அடி வரும். முகப்பின் சதுர அடிக்கு 1,400 ரூபாய் கேட்பவரின் தொகை 58,800. பலகையின் சதுர அடிக்கு 450 ரூபாய் மட்டும் கேட்பவரின் தொகை 83,700. விலைகள் எடுத்துக்காட்டுக்காகச் சொன்னவைதாம், ஆனால் மலிவாகத் தோன்றுவது மலிவாகவே இருக்க வேண்டியதில்லை என்பது இதில் தெளிவாகும். ஆகவே ஒவ்வோர் அலமாரிக்கும் மொத்தத் தொகையைக் கேட்டு வாங்குங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி அதில் சேர்ந்ததா, தனியா என்பதையும் எழுத்தில் பெறுங்கள்.

அதே தாளில் பொருளின் தரமும் இருக்க வேண்டும். ‘நல்ல பிளைவுட்’ என்று எழுதினால் அதற்குப் பொருளே இல்லை. எந்த நிறுவனம், எத்தனை மி.மீ., எந்தத் தரம் என்று கேளுங்கள். சிங்க்கின் கீழ்ப்பெட்டிக்கு ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள, ஈரத்தைத் தாங்கும் மரைன் பிளைவுட்டைத் தவிர வேறெதையும் நான் ஏற்கமாட்டேன். பலகை வந்து இறங்கும் நாளில், வெட்டுவதற்கு முன்பே முத்திரையைப் படம் எடுத்துவிடுங்கள். பலகையின் மேல் மைக்கா எனும் லேமினேட் தாளை ஒட்டிய பிறகு அதைப் பார்க்க வழியில்லை. கடலோரப் பகுதியில் இருப்பவர்கள் கீல்களை 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேட்பது நல்லது.

வரைபடத்தில் முப்பரிமாணப் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அளவுகள் எழுதிய சாதாரணப் படத்தையும் மின்புள்ளிப் படத்தையும் முதலில் வாங்கிக் கையெழுத்திடுங்கள். சமையல் மேடையின் உயரத்தை, தினமும் சமைப்பவர் நிமிர்ந்து நின்று மடக்கும் முழங்கையிலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே வைப்பது வசதி. கிரைண்டரை எங்கே வைப்பீர்கள் என்று முடிவு செய்து, அதன் பக்கத்திலேயே ஒரு பிளக் பாயின்ட் கேளுங்கள். அலமாரியில் சட்டை மாட்ட வேண்டுமானால் ஆழம் இரண்டு அடிக்குக் குறையக் கூடாது. தள்ளு கதவு என்றால் இன்னும் இரண்டொரு அங்குலம் கூடுதலாகத் தேவைப்படும்.

பணத்தைத் தேதிக் கணக்கில் தராமல், முடிந்த வேலையின் கணக்கில் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கதவுகளின் இடைவெளியும் டிராயர்களின் ஓட்டமும் சரிசெய்யப்படும் வரை கடைசிப் பத்து சதவீதத்தை நிறுத்தி வைப்பது முறையானதுதான். இடையில் செய்யும் மாற்றங்களை வீட்டில் ஒருவர் மட்டுமே, அதுவும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகச் சொல்வது நல்லது. அப்பா ஒன்றும் மருமகள் ஒன்றும் சொன்னால் ஆசாரி யார் பேச்சைக் கேட்பார்?

பின்சேர்க்கை: புதிய மின்புள்ளிகளுக்காகச் சுவரை வெட்டக் கட்டுநர் அனுமதிக்கவில்லை என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். மைவான் முறையில், அதாவது அலுமினிய அச்சுகளில் கான்கிரீட் ஊற்றிக் கட்டிய வீடுகளில் சுவர்களே கான்கிரீட்டால் ஆனவை, கட்டடத்தின் பாரத்தைத் தாங்குபவை. அவற்றை வெட்டவே கூடாது. அத்தகைய வீடுகளில் அலமாரியின் பின்பலகைக்கும் சுவருக்கும் இடையே ஓர் அங்குலம் விட்டு, அதன் வழியே மின்குழாயைக் கொண்டுசெல்லும்படி வடிவமைப்பாளரிடம் படம் வரையும்போதே சொல்லிவிடுங்கள். அந்த அங்குலத்தை ஆழத்திலும் மறவாமல் கூட்டச் சொல்லுங்கள், இல்லையெனில் அலமாரியின் உள்ளளவில் அது குறையும்.