எந்த சிண்ட்ரெல்லா? தேவதைக் கதையையும் மறுபுனைவையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“மூலக்கதையில் இளவரசி தவளையை முத்தமிடுகிறாள். புதிய கதையில் மறுக்கிறாள்.” ஒப்பீட்டுக் கட்டுரை இப்படித் தொடங்கினால் முதல் வரியிலேயே அஸ்திவாரம் ஆட்டம் கண்டுவிடும். ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் அச்சிட்ட கதையில் முத்தம் கிடையாது. இளவரசி ஆத்திரத்தில் தவளையைத் தூக்கிச் சுவரில் அடிக்கிறாள். விழுகிறபோது அது இளவரசனாகிவிடுகிறது. “நான் படித்த கிரிம் புத்தகத்தில் சுவரே வரவில்லையே, தவளை மூன்று இரவு தலையணையில்தானே தூங்கியது?” என்று ஒரு மாணவி கேட்டால் அவள் சொல்வதும் சரிதான். எட்கர் டெய்லர் 1823இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தபோது அந்தக் காட்சியை மென்மையாக்கிவிட்டார். இணையத்தில் இலவசமாகப் பலரும் இறக்கிக்கொள்ளும் ஆங்கிலப் பிரதியிலும் அந்தத் தலையணைத் தவளைதான் இருக்கிறது.

பெங்களூரில் பி.யு.வோ (பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு) பி.ஏ. ஆங்கிலமோ படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள், பழைய கதையையும் அதைத் திருப்பி எழுதிய மறுபுனைவையும் ஒப்பிடும் இந்த வகைக் கட்டுரையில் மார்க்கை இழப்பது பெரும்பாலும் ஆங்கில நடையால் அல்ல. ‘மூலக்கதை’ என்று ஒன்று எங்கோ அசையாமல் இருக்கிறது என்ற நம்பிக்கையால்தான்.

கிரிம் தொகுப்பு முதலில் வந்தது 1812இல். ஏழாவது பதிப்பு 1857இல். இடைப்பட்ட 45 ஆண்டுகளில் கதைகள் மாறிக்கொண்டே இருந்தன. 1812இல் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்பவள் பெற்ற தாய்; 1819 பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிறாள். தாய்மையின் மேல் கறை படியக் கூடாது என்று வில்ஹெல்ம் கிரிம் நினைத்தார் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. இது தெரிந்தால் கட்டுரையின் திசையே மாறும். கொடுமைக்கார மாற்றாந்தாயின் பக்கம் நின்று பேசும் இன்றைய மறுபுனைவு, ஏதோ ஆதிகாலக் கதையோடு மல்லுக்கு நிற்கவில்லை. 1819இல் ஒருவர் எடுத்த முடிவோடு வாதாடுகிறது. ‘ஆதிகாலம்’ என்று எழுதினால் வெறும் பேச்சு, ‘1819’ என்று எழுதினால் வாதம்.

அதனால் முதல் பாராவிலேயே மூன்று விவரங்கள் வேண்டும்: யார் எழுதியது, எந்தப் பதிப்பு, யார் மொழிபெயர்த்தது. 1812 கதைகள் வேண்டுமென்றால் ஜாக் ஸைப்ஸின் 2014 மொழிபெயர்ப்பு. மார்கரெட் ஹன்ட் 1884இல் செய்தது பிற்காலப் பதிப்பை ஒட்டியது. இரண்டையும் கலந்து மேற்கோள் காட்டினால், ஒரே கட்டுரையில் இரண்டு அம்மாக்கள் வந்து நிற்பார்கள்.

இதே தவற்றின் இன்னொரு முகம், தப்பான ஜோடியைச் சேர்ப்பது. “கிரிம் சொன்ன சிண்ட்ரெல்லா கதையில் அக்காமார் கால்விரலையும் குதிகாலையும் வெட்டிக்கொள்கிறார்கள், டிஸ்னி அந்த வன்முறையை நீக்கிவிட்டது” என்று எத்தனையோ கட்டுரைகளில் வருகிறது. 1950இல் வந்த அந்த டிஸ்னி படம் பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பெரோ 1697இல் வெளியிட்ட கதையை வைத்து எடுத்தது. கண்ணாடிச் செருப்பு, பூசணிக்காய் வண்டி எல்லாம் பெரோவுடையவை. அங்கே யாரும் காலை வெட்டிக்கொள்வதில்லை. இல்லாததை எப்படி நீக்க முடியும்?

நமக்குப் பழக்கமான உதாரணத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அகலிகை கதை தேவதைக் கதை அல்ல, இதிகாசத்தைச் சேர்ந்தது. பலருக்கு அது நம்பிக்கை சார்ந்த விஷயமும்கூட. அந்த வித்தியாசத்தைக் கட்டுரையில் ஒரு வரியாவது சொல்லிவிட வேண்டும். புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ 1943இல் வந்தது. அதில், சீதையைத் தீக்குளிக்க வைத்தார்கள் என்று அவள் வாயாலேயே கேள்விப்பட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். இதை வால்மீகியோடு மட்டும் ஒப்பிடுகிற மாணவர் முட்டுச்சந்தில் போய் நிற்பார். வால்மீகியில் அகலிகை கல்லாவதே இல்லை. காற்றையே உணவாகக் கொண்டு, யார் கண்ணுக்கும் படாமல், சாம்பலில் கிடக்கிறாள். ராமனும் லட்சுமணனும்தான் அவள் காலைத் தொட்டு வணங்குகிறார்கள். கல்லும் பாதத்தூளியும் கம்பனில் வருபவை. ராமனின் காலடித் தூசு பட்டு எழுந்தவள், அந்த ராமனின் செயலைக் கேட்டதும் திரும்பவும் கல்லாகிறாள்: கம்பனைப் பக்கத்தில் வைத்தால்தான் இந்த முடிவின் கூர்மை புரியும். மறுபுனைவு எந்த வடிவத்துக்குப் பதில் சொல்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்தக் கட்டுரையின் பாதி வேலை.

அடுத்தது அட்டவணைப் பழக்கம். பள்ளியில் ‘வேறுபடுத்துக’ என்ற கேள்விக்கு நடுவில் கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதி வளர்ந்த கை, கல்லூரியிலும் அதையே செய்கிறது. ஒற்றுமைகள் ஐந்து, வேற்றுமைகள் ஏழு. அதைக் குறிப்பேட்டில் போடலாம், போடவும் வேண்டும். ஆனால் பட்டியல் கட்டுரையாகாது. பன்னிரண்டில் ஒன்றே ஒன்றை எடுத்து, அது மாறியதால் கதையில் வேறு என்னென்ன மாற வேண்டியிருந்தது என்று தொடர்ந்து போக வேண்டும்.

சிவப்புத் தொப்பிச் சிறுமியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரோவில் அவள் உடையைக் களைந்து ஓநாயின் படுக்கையில் ஏறுகிறாள், ஓநாய் தின்றுவிடுகிறது, கதை முடிந்தது. காப்பாற்ற ஆள் இல்லை. அடியில் ஒரு நீதிப்பாட்டு: சாதுவாகப் பேசும் ஓநாய்கள்தான் மிக ஆபத்தானவை என்று. கிரிமில் வேட்டைக்காரன் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழிக்கிறான். ஆங்கில எழுத்தாளர் ஆஞ்செலா கார்ட்டர் 1979இல் வெளியிட்ட தொகுப்பில், அந்தப் படுக்கைக் காட்சியில் பெண் சிரிக்கிறாள். கடைசியில் ஓநாயின் கால்களுக்கு நடுவே நிம்மதியாகத் தூங்குகிறாள். வேட்டைக்காரன் வந்து காப்பாற்றுவதில்லை. அவர் பெரோவின் கதைகளை 1977இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். எனவே கிரிமின் மீட்பைவிடப் பெரோவின் படுக்கையை வைத்து இந்தக் காட்சியைப் படிப்பதே பொருத்தம்.

இங்கே ஒரு வழுக்கல் காத்திருக்கிறது: “பழைய கதையில் பெண் அடங்கியவள், புதிய கதையில் துணிச்சலானவள்.” பெண்ணிய மறுவாசிப்பு என்ற சொல்லை முத்திரை மாதிரிக் குத்திவிட்டுப் போகிற கட்டுரைகள் எல்லாம் இங்கேதான் விழுகின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் வாய்மொழியாகத் திரட்டிய ஒரு வடிவத்தில், ‘வெளிக்குப் போக வேண்டும்’ என்று சிறுமி ஓநாயிடம் சொல்கிறாள். அது காலில் கயிறு கட்டி வெளியே அனுப்புகிறது. அவள் கயிற்றை அவிழ்த்துப் பிளம் மரத்தில் கட்டிவிட்டு வீட்டுக்கு ஓடிவிடுகிறாள். நாட்டுப்புறத்தில் வாய்மொழியாகச் சொன்ன கதையிலேயே பெண் கெட்டிக்காரியாக இருந்திருக்கிறாள். அவளை அடங்கவைத்தது அச்சுக்கு வந்த வடிவமாகவும் இருக்கலாம். இதை எழுதுகிற கட்டுரைக்கு உயிர் வந்துவிடும்.

மைய வாதத்தைச் சோதிக்க ஒரு வழி: அந்த வாக்கியத்தில் கதைகளின் பெயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். “இரு கதைகளும் பெண்ணின் நிலையை வெவ்வேறு விதமாகக் காட்டுகின்றன” என்பது எந்த இரண்டு கதைக்கும் பொருந்தும். ஆகவே அது வாதமே இல்லை. “பெரோவில் படுக்கை தண்டனைக்குரிய இடம், கார்ட்டர் அதே இடத்தில் பெண்ணின் சிரிப்பை வைப்பதால், பயம் என்ற பாடமே கதையிலிருந்து கழன்றுவிடுகிறது” என்பது வேறெதற்கும் பொருந்தாது. மறுப்பதற்கும் இடம் தருகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

அளவு பற்றிச் சுருக்கமாக. 1500 சொல் கட்டுரை என்றால் முன்னுரை 150, ஒவ்வொன்றும் 350 முதல் 400 சொல் வரும் மூன்று வாதப் பகுதிகள், மீதம் முடிவுரை. கதைச்சுருக்கம் ஒரு கதைக்கு இரண்டு வாக்கியம் போதும். சிண்ட்ரெல்லா கதை ஆசிரியருக்குத் தெரியும். முதல் பாதி முழுக்கப் பழைய கதை, இரண்டாம் பாதி முழுக்கப் புதியது என்று பிரிக்காதீர்கள்; ஒப்பீடு நடுவில் அறுந்துபோகும். ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு கதையும் வர வேண்டும். மேற்கோள் ஒரு வரி, அதைத் தொடர்ந்து அந்த வரியின் ஒரு சொல்லைப் பற்றி உங்கள் மூன்று வரி. மேற்கோளைப் போட்டுவிட்டு அடுத்த பாராவுக்குத் தாவினால் பூட்டைக் கொடுத்துவிட்டுச் சாவியைப் பையில் வைத்துக்கொண்ட மாதிரி.

படத்தை எடுத்தால் படத்தின் மொழியில் பேசுங்கள். தூங்கும் அழகியைச் சபித்த சூனியக்காரியின் பக்கம் நின்று 2014இல் வந்த ‘மேலிஃபிசென்ட்’ படத்தில் கதையைச் சொல்லும் பின்னணிக் குரல் யாருடையது என்பது கடைசியில்தான் தெரியும். வசனத்தை மட்டும் ஆராய்கிற கட்டுரை இதைத் தவறவிடும். அந்தப் பெயரே 1959இல் வந்த டிஸ்னியின் தூங்கும் அழகி படத்திலிருந்து வந்தது. ஆக அதன் நேர் எதிராளி அந்தப் படம்தான். பெரோவில் தூங்கும் அழகியை எழுப்புவது முத்தம்கூட இல்லை.

பெங்களூரில் படிப்பவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு செல்வம் இருக்கிறது. கவிஞரும் நாட்டுப்புறக் கதை ஆய்வாளருமான ஏ.கே. ராமானுஜன் கர்நாடகத்தில் திரட்டி, கன்னட சிண்ட்ரெல்லா என்று அறிமுகப்படுத்திய ‘ஹஞ்சி’ கதை. ஹஞ்சு என்றால் ஓடு. மகளின் அழகைக் கண்டு அண்ணனே ஆசைப்பட்டுவிட, இனியும் ஆபத்து வராமலிருக்கத் தாயே அவளுக்கு மண் முகமூடி போட்டு வீட்டைவிட்டு அனுப்பிவைக்கிறாள். மாற்றாந்தாய்க் கொடுமை இல்லை. கல்யாணத்தோடு கதை முடிவதும் இல்லை. அதற்குப் பிறகும் அவளுக்குச் சோதனை காத்திருக்கிறது. இதைப் படித்துவிட்டு “கண்ணாடிச் செருப்பு விடுபட்டுள்ளது” என்று எழுதுவது பெரிய அநியாயம். ஐரோப்பியக் கதையை அளவுகோலாக வைத்தால் ஹஞ்சியில் குறைதான் தெரியும். முகமூடியிலிருந்து தொடங்குங்கள்: அங்கே சாம்பல் அவமானத்தின் அடையாளம், இங்கே மண் பாதுகாப்பு.

அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ வீட்டில் பாட்டி சொல்லும் கதையையும் ஒப்பிடலாம்; ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். “என் பாட்டி சொன்ன கதை” என்று மட்டும் எழுதினால் ஆதாரமாக நிற்காது. பாட்டியின் சம்மதத்தோடு போனில் பதிவு செய்து, தேதி, அவர் பிறந்து வளர்ந்த ஊர், வயது, யாரிடம் கேட்டது, யாருக்குச் சொன்னது எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் கன்னடச் சொல் வந்தால் தமிழாக்கித் திருத்தாதீர்கள். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது நீங்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து, பதிவைப் போட்டுக் காட்டாமல், அதே கதையை மறுபடி சொல்லச் சொல்லுங்கள். எது மாறியது, எந்த வாக்கியம் அட்சரம் பிசகாமல் திரும்ப வந்தது என்று இரண்டு பதிவையும் பக்கத்தில் வைத்துப் பென்சிலால் கோடிடுங்கள். கட்டுரைக்கான முதல் வாதம் அந்தக் கோடுகளுக்கு அருகிலேயே கிடைக்கும்.